தவழும் உயரத்தில் ஒரு வீடு

தம்பி அருள்,

நீ தோகாவில் இருந்துகொண்டே ஏற்பாடு செய்து அனுப்பிய மருந்தடிக்கிற வண்டியை வாசலோடு திருப்பி அனுப்பியது நான்தான். உன் அம்மா இல்லை. அது தெரியாமல் நீ அவளிடம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, அவள் கூப்பிட்டால் போனை எடுக்காமல் இருக்கிறாயாம். அந்தக் கோபத்தை என்மேல் காட்டு, வாங்கிக்கொள்கிறேன். வந்த பையன் பாவம், நல்ல பையன். தஞ்சாவூரிலிருந்து உச்சி வெயிலில் வந்திருந்தான். மோர் கொடுத்துத்தான் அனுப்பினேன். முதுகில் டப்பாவும் கையில் குழாயுமாக நின்றுகொண்டு, "தரை, சுவரு, கட்டிலுக்கு அடியில, எல்லா எடத்துலயும் அடிச்சிருவேன் சார். வாசனையே வராது சார்" என்றான். "வாசனை வந்தாலாவது எந்திரிச்சு ஓடலாம் தம்பி. வராதுன்னு சொல்றதுதான் எனக்குப் பயமா இருக்கு" என்றேன். அவன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான். கிழவருக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்திருப்பான். நீயும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறாய். நான் ஏன் அப்படிச் சொன்னேன் என்பது உனக்குத் தெரியாது. பங்குனி மாதத்தில் இந்த வீட்டில் நடந்த ஒன்றை உனக்குச் சொல்லாமல் மறைத்தோம். இப்போது சொல்லப் போகிறேன்.

போனில் சொல்லலாம். ஆனால் போனில் நான் ஒரு வாக்கியம் முடிப்பதற்குள் நீ இரண்டு வாக்கியம் பேசுவாய், பிறகு "சரிப்பா, டூட்டிக்கு நேரமாச்சு" என்பாய். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இதன் நகல் ஒன்றை நம் கோயில் பங்கு மலருக்குக் கொடுக்கப் போகிறேன். என் பெயரைப் போட மாட்டேன், உங்கள் பெயர்களையும் மாற்றிவிடுவேன். பூதலூரைச் சுற்றி உன்னைப் போல வெளிநாட்டில் இருந்துகொண்டு ஊர் வீட்டுக் காரியத்தையெல்லாம் போனிலேயே முடிக்கிற பிள்ளைகள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களும் படிக்கட்டும்.

கிறிஸ்துமஸுக்கு நடந்ததிலிருந்து தொடங்குகிறேன், அதில் நியாயம் உன் பக்கம்தான். ரோஸ்லின் குத்தாலத்தில் தன் அம்மா வீட்டிலிருந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு முதல்முறையாக நம் வீட்டுக்கு வந்திருந்தாள். நெல் அறைக்குப் பக்கத்து அறையில் தூளி கட்டியிருந்தோம். சாயங்காலம் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தோம், நீயும் வீடியோவில் இருந்தாய். விட்டத்திலிருந்து ஒரு எலி தூளிக் கயிற்றைப் பிடித்து இறங்கி, பாப்பாவின் தலைக்கு ஒரு சாண் மேலே நின்று மூக்கை ஆட்டியது. ரோஸ்லின் போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது. மறுநாள் காலையில் அவள் பெட்டியைக் கட்டிவிட்டாள். என்னிடம் ஒரு வார்த்தை மரியாதைக் குறைவாகப் பேசவில்லை. "மாமா, நான் உங்க மேல கோவிச்சிட்டுப் போகல. எனக்கு இங்க தூக்கம் வராது மாமா" என்றாள். அதைக் கேட்டபோது எனக்கு அவமானமாக இருந்தது. பேத்தி வந்து ஒரு ராத்திரிகூட நிம்மதியாகத் தங்க முடியாத வீட்டை வைத்துக்கொண்டு ஊரில் பெரிய மனிதன் என்று திரிந்திருக்கிறேன்.

ஆகவே எலி இருந்தால் என்ன, கிராமத்து வீட்டில் எலி இல்லாமலா என்று நான் சொல்ல மாட்டேன். அப்படிச் சொல்கிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல்தான் வரும். எலி மூத்திரத்தால் காய்ச்சல் வந்து படுத்தவர்களை நானே பார்த்திருக்கிறேன். கரப்பான் ஓடுகிற தட்டில் யாரும் சாப்பிடக் கூடாது. கொசு கடித்தால் பிள்ளைகளுக்கு டெங்கு வருகிறது. இதையெல்லாம் வீட்டைவிட்டு விரட்டித்தான் ஆக வேண்டும். அதில் உனக்கும் எனக்கும் சண்டையே இல்லை. எதை வைத்து விரட்டுவது, யார் விரட்டுவது, அப்போது வீட்டுக்குள் யார் இருப்பது, இந்த மூன்றில்தான் சண்டை.

உன் வலது கை ஆள்காட்டி விரலைப் பார். நகத்துக்குக் கீழே குறுக்காக ஒரு தழும்பு இருக்கும். ரோஸ்லினிடம் அது கிரிக்கெட் விளையாடும்போது பட்டது என்று கதை விட்டிருக்கிறாயாமே. அது எலிப்பொறியில் பட்டது. பள்ளிக்கூடம் போக ஆரம்பிக்காத வயதில், நான் பொறிக்குள் வைத்த மசால்வடையை எலிக்கு முன்னால் நீ எடுக்கப் போனாய். விரல் மாட்டிக்கொண்டது. அழுதுகொண்டே மற்ற கையால் வடையைத் தின்றாய். உன் அம்மா சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் நின்றாள். இதை உன்னைக் கேலி செய்யச் சொல்லவில்லை, கொஞ்சம் கேலிக்கும்தான். எலிக்கு எட்டுகிற எதுவும் குழந்தைக்கும் எட்டும். அன்றைக்கு வடையில் வெறும் வடைதான் இருந்தது, விஷம் இல்லை. அதனால்தான் உனக்கு ஒரு தழும்போடு போயிற்று.

சரி, பங்குனிக்கு வருகிறேன். சம்பா அறுவடை முடிந்து, விற்றது போகச் சாப்பாட்டு நெல்லை மூட்டை கட்டி வழக்கம்போல வீட்டுக்குள் நெல் அறையில் அடுக்கியிருந்தோம். வயல் காலியானதும் எலியெல்லாம் வீட்டுப் பக்கம் வந்தது. போதாததற்கு நெல்லில் அந்து விழுந்து, விளக்குப் போட்டால் பூச்சி முகத்தில் வந்து அடித்தது. உன் அம்மா இதைப் போனில் உன்னிடம் புலம்பியிருக்கிறாள். நீ உரக்கடையில் வேலை பார்க்கும் உன் கூட்டாளி மணிக்கு ஒரு போன் போட்டாய். "டேய், நெல்லுக்குப் போடுற மாத்திரை இருக்குல்ல, அதைக் கொண்டுபோய் எங்க வீட்டுல வச்சிரு. எலி, பூச்சி எல்லாம் ஒரே அடியில போயிரும்" என்று சொன்னாயாம். எங்களிடம் நீ ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் நாங்கள் சரி என்றுதான் சொல்லியிருப்போம் என்று தோன்றுகிறது. இந்தப் பக்கத்தில் நெல் வைத்திருக்கிற வீட்டில் அந்த மாத்திரையைத் துணியில் முடிந்து மூட்டை நடுவில் செருகுவதை ஒரு பெரிய விஷயமாக யாரும் நினைப்பதில்லை. கிடங்குக்குப் போடுகிற சாமானை வீட்டுக்குள் போடுகிறோம் என்றே யாருக்கும் உறைக்கவில்லை.

அன்று காலை நான் வயலில் உளுந்து அடித்துக்கொண்டிருந்தேன். மணி வந்து மாத்திரையை மூட்டைகளுக்கு இடையில் வைத்துவிட்டு, நெல் அறைக் கதவைச் சாத்தி, கதவுக்கு அடியில் சாக்கையும் திணித்துவிட்டு, "அம்மா, ரெண்டு நாளைக்கு இந்தக் கதவை மட்டும் தொறந்துராதீங்க" என்று உன் அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். அவளும் சொன்னபடியே கேட்டாள். கதவைத் தொடவில்லை. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, வெயிலுக்குப் பயந்து, தூளி கட்டியிருந்த அந்தப் பக்கத்து அறையில் ஜன்னலைச் சாத்திவிட்டுத் தரையில் பாயைப் போட்டுப் படுத்திருக்கிறாள். நம் வீடு ஓட்டு வீடு என்பது உனக்கு மறந்துபோயிருக்கும். இரண்டு அறைக்கும் நடுவிலிருக்கிற சுவர் ஓடு வரைக்கும் போகாது, மேலே ஒரு ஆள் தலை நுழைகிற இடைவெளி உண்டு. நீயும் மணியும் சின்ன வயதில் அந்தச் சுவரில் ஏறி உட்கார்ந்து கீழே இருப்பவர்கள் மேல் உளுந்தை எறிவீர்கள். அதே மணிதான் அன்றைக்குக் கதவைச் சாத்திவிட்டால் போதும் என்று நினைத்தான். சுவர் அவன் ஞாபகத்துக்கு வரவில்லை. மாத்திரையிலிருந்து கிளம்புகிற விஷக் காற்றுக்குக் கதவு எதற்கு? மேலே ஏறி வந்து, இந்தப் பக்கம் இறங்கி, தரையோடு தரையாகப் படிந்திருக்கிறது.

தார்ப்பாய் எடுக்க நான் வீட்டுக்கு வந்தேன். வந்திராவிட்டால் என்று அதற்குமேல் என்னால் எழுத முடியவில்லை. உள்ளே நுழைந்ததும் பூண்டு அழுகினாற்போல ஒரு நாற்றம். "சகாயம்" என்று உன் அம்மாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். அறையில் அவள் வாந்தியில் கிடந்தாள். கண் திறந்திருந்தது, ஆனால் என்னைப் பார்க்கவில்லை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, "ஏங்க... மூச்சு... ஏறலங்க" என்றாள். துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு அவளை அக்குளில் கைகொடுத்து இழுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். துண்டு அந்தக் காற்றைத் தடுக்காது என்று பிறகுதான் தெரிந்தது. பக்கத்து வீட்டு ஆட்டோவில் போட்டுக்கொண்டு தஞ்சாவூர் போனோம். வழியெல்லாம் அவள் கை ஐஸ் மாதிரி இருந்தது. டாக்டர் என்ன மாத்திரை என்று கேட்டார், சொன்னேன். அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். "இதுக்கு மாத்து மருந்துன்னு ஒண்ணு கிடையாதுங்க. நீங்க வெளிக்காத்துக்குக் கொண்டுவந்தீங்க பாருங்க, அதுதான் இவங்களைக் காப்பாத்தணும். நாங்க கூட நின்னு பாத்துக்குறோம்" என்றார். எனக்கு ஜெபம்கூடச் சொல்ல வரவில்லை. ஆஸ்பத்திரி வராண்டாவில் உட்கார்ந்து வேட்டியில் ஒட்டியிருந்த உளுந்துச் சருகைப் பிய்த்துக்கொண்டே இருந்தேன்.

தவக்காலத்தில் அம்மாவுக்கு வைரஸ் காய்ச்சல், தொண்டை கட்டிக்கொண்டது, அதனால் பேச மாட்டாள் என்று உனக்குச் சொன்னோமே, அது காய்ச்சல் இல்லை, இதுதான். பிழைத்து எழுந்து உட்கார்ந்ததும் அவள் என்னிடம் கேட்ட முதல் காரியம், "அவன்கிட்ட சொல்லாதீங்க. அங்க ஒத்தையில உக்காந்து அழுவான்" என்பதுதான். நானும் சரி என்றேன். நீ மறுபடியும் மருந்து ஏற்பாடு செய்து இந்த வண்டியை அனுப்பாமல் இருந்திருந்தால் கடைசிவரை சொல்லியிருக்கவே மாட்டேன். இப்போது இந்தக் கடிதத்தை எழுதுவது அவளுக்குத் தெரியும். பிடிக்கவில்லை. அடுப்படியில் பாத்திரத்தை வழக்கத்தைவிடச் சத்தமாகக் கழுவிக்கொண்டிருக்கிறாள்.

நீ இதைப் படித்து உடைந்துபோவாய் என்று தெரியும். அழுவதானால் அழுதுவிடு, பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு மீதியைப் படி. நீ உன் அம்மாவுக்குக் கெடுதல் செய்ய நினைக்கவில்லை. உன் பிள்ளைக்காகத்தான் செய்தாய். மணியையும் திட்டாதே. அவன் ஆஸ்பத்திரியிலிருந்து நாங்கள் திரும்புகிறவரை வீட்டு வாசலிலேயே கிடந்தான், இன்னும் உன் அம்மா முகத்தை நேராகப் பார்ப்பதில்லை. பிறகு உரிமம் உள்ள ஆளை வரவழைத்தோம், அவர் அதற்கான முகமூடி போட்டுக்கொண்டு உள்ளே போய் மிச்சத்தை எடுத்து அப்புறப்படுத்தினார். "இது வீட்டுக்காரங்க கையில குடுக்கவே கூடாத சாமான்" என்று அவர் சொன்னபோது மணி தலையைக் குனிந்துகொண்டான். எனக்கு உன்மேல் இருக்கும் ஒரே கோபம், வீட்டுக்குள் இருக்கிற மனுஷியை மறந்துவிட்டு வீட்டுக்கு வைத்தியம் பார்த்தாயே, அதுதான். கிறிஸ்துமஸுக்கு ரோஸ்லின் மட்டும் போகாமல் இருந்திருந்தால், அந்த மத்தியானம் அந்தத் தூளியில் யார் தூங்கியிருப்பார்கள் என்று நினைத்துப் பார். நான் தினமும் நினைக்கிறேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்ன ஒன்று என் மண்டைக்குள்ளேயே நின்றுவிட்டது. அந்தக் காற்று கனமானது, கீழே தங்கும், தரையில் படுத்திருந்ததால்தான் அம்மாவுக்கு இவ்வளவு ஏறியது என்றார். அடித்துவிட்டுப் போகிற மருந்தும் தரையில்தான் தங்குகிறது. பாப்பாவும் தரையில்தான் இருக்கப் போகிறாள். தவழுகிற பிள்ளை. கையைத் தரையில் வைப்பாள், அதே கையை வாயில் வைப்பாள். ஆகவே ஒருநாள் காலையில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வாசல்படியில் முழங்காலைப் போட்டு, நான் வீட்டுக்குள் தவழ ஆரம்பித்தேன். சிரிக்காதே. உன் அம்மா பயந்து, "என்னாங்க ஆச்சு, கீழ விழுந்துட்டீங்களா?" என்று ஓடிவந்தாள். "பாப்பா கண்ணுக்கு என்னென்ன படும்னு பாக்குறேன்" என்றேன். கொஞ்ச நேரம் இடுப்பில் கைவைத்து நின்றவள், பிறகு விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு என் பின்னாலேயே வந்தாள். என் முழங்கால் வலி உனக்குத் தெரியும். ஆனாலும் வாசலிலிருந்து கொல்லை வரைக்கும் தவழ்ந்தே போனேன்.

கட்டி முடித்ததிலிருந்து நான் குடியிருக்கிற வீடு, அன்றைக்குத்தான் அதைப் பார்த்தேன். சாமி மாடத்துக்குக் கீழே எறும்புக்காகக் கோடு போடுகிற சாக்பீஸ் ஒன்று, மிட்டாய் மாதிரி வெள்ளையாகக் கிடந்தது. கட்டிலுக்கு அடியில், எப்போது வைத்தோம் என்று இருவருக்குமே தெரியாத எலி விஷக் கேக் பாதி. கொசுவர்த்திச் சாம்பல். அடுப்படித் தொட்டிக்குக் கீழே குழாய் சொட்டிச் சொட்டி ஈரம், அங்கே கரப்பான் குடும்பத்தோடு குடியிருந்தது. கேஸ் குழாய் நுழைகிற இடத்தில் எலி போகிற ஓட்டை, அதன் விளிம்பு எண்ணெய் தடவியதுபோல் பளபளத்தது. கொல்லைக் கதவுக்கு அடியில் என் மூன்று விரல் நுழைந்தது. இத்தனை வழியையும் திறந்து வைத்துவிட்டு உள்ளே மருந்தடித்தால், இருக்கிற எலி செத்து ஓட்டில் நாறும், மறுவாரம் வேறு எலி குடிவரும்.

அதனால் வேலையைப் பிடித்துக்கொண்டோம், நானும் உன் அம்மாவும். முதலில் நெல்லை வீட்டைவிட்டு வெளியேற்றினேன். மாடில்லாமல் சும்மா கிடக்கிற கொட்டகையைச் சரிசெய்து, மூடி போட்ட தகர டிரம்களில் நெல்லைக் கொட்டி, கீழே கட்டை கொடுத்து, சுவரை ஒட்டாமல் நிறுத்தியிருக்கிறேன். கொட்டுவதற்கு முன்னால் பல்லில் வைத்துக் கடித்தால் டக்கென்று உடைகிற வரைக்கும் காய வைத்தோம். ஈரத்தோடு அடைத்தால்தான் அந்து பெருகுகிறது. காய்ந்த நொச்சியும் வேப்பிலையும் போட்டிருக்கிறேன், ஆனால் இலையைப் போட்டுவிட்டால் போதும் என்று சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை. காய வைப்பதும் மூடி வைப்பதும்தான் முக்கியம். நெல் வீட்டுக்குள் இருந்தால்தான் வீட்டுக்கு அழகு என்று உன் அம்மா கொஞ்சம் முரண்டு பிடித்தாள். "அழகு வேணுமா, பேத்தி வேணுமா?" என்றேன். அதற்கப்புறம் டிரம்மை அவளே பிடித்துத் தள்ளினாள்.

பிறகு ஓட்டைகள். பாத்திரம் தேய்க்கிற கம்பி நாரைத் திணித்து, மேலே சிமெண்டு பூசினேன். வெறும் சிமெண்டை எலி சுரண்டிவிடும், கம்பி நாரைக் கடிக்க அதற்குப் பிடிக்காது. கதவுகளுக்கு அடியில் தகரம் அடித்தேன். சாக்கடைக் குழாய்க்குச் சல்லடை மூடி. அந்த நடுச்சுவருக்கு மேலே ஓடு வரைக்கும் செங்கல் வைத்து அடைத்தாயிற்று. உளுந்து எறிய இனி வேறு இடம் பார்த்துக்கொள். தொட்டிக்குழாய் சொட்டுவதை நிறுத்தியதும் கரப்பான் பாதி போயிற்று. படுப்பதற்கு முன்னால் எச்சில் பாத்திரம் ஒன்றும் கிடக்காமல், தொட்டியைத் துடைத்துக் காயவிட்டு, குப்பைக்கு மூடி போட ஆரம்பித்ததும் மீதியும் குறைந்தது. எறும்புக்குச் சோப்புத் தண்ணீர் துணிதான், வரிசையை அடியோடு துடைத்துவிட்டு அது வருகிற விரிசலை அடைக்க வேண்டும். ஜன்னலுக்கெல்லாம் வலை. கொல்லையில் கொட்டாங்கச்சி, பழைய டயர், நீ விட்டுப்போன உடைந்த வாளி, தண்ணீர் தேங்குகிற எல்லாவற்றையும் ஒழித்தேன். பாப்பாவுக்குக் கொசுவலை உண்டு, மூடிய அறையில் கொசுவர்த்தி கிடையாது. அந்த எலிக் கேக்கையும் சாக்பீஸையும் குப்பையில் எறியாமல், வயல் மருந்தோடு சேர்த்துக் கொட்டகையில் உயரமான பெட்டியில் வைத்துப் பூட்டியிருக்கிறேன். வயல் மருந்தை வேறு பாட்டிலில் ஊற்றி வைக்கிற வேலையே இனி இந்த வீட்டில் கிடையாது.

மருந்தே கூடாது என்கிற கட்சியில் நான் இல்லை. வயலுக்குத் தேவைப்பட்டால் அடிக்கிறவன்தான். என்றைக்காவது இந்த வீட்டுக்குள்ளும் தேவை என்று வந்தால், உரிமம் உள்ள ஆள் வருவார். என்ன மருந்து என்று பேரைக் கேட்பேன், டப்பாவில் எழுதியிருப்பதைப் படிக்கச் சொல்வேன், குழந்தையும் உன் அம்மாவும் வேறு வீட்டில் இருப்பார்கள், காற்றாடத் திறந்துவிட்டுத் துடைத்த பிறகுதான் திரும்புவார்கள். ஆனால் அது கடைசி வேலை. நீ அதை முதல் வேலையாக வைத்தாய்.

ரோஸ்லினுக்கு நானே போன் செய்தேன். நடந்ததையெல்லாம் சொல்லிவிட்டேன். இது அவளுக்குத் தெரியாமல் அவள் பிள்ளையை இந்த வீட்டுக்குக் கூப்பிடுவது நியாயம் இல்லை. முழுவதையும் கேட்டுக்கொண்டாள். பிறகு, "அத்தை இப்ப எப்படி இருக்காங்க மாமா?" என்றாள். அப்புறம், "எலி எல்லாம் போயிருச்சா?" என்றாள். பொய் சொல்ல வாய் வரவில்லை. "ஒண்ணு மட்டும் பாக்கி இருக்கும்மா" என்றேன். "அப்ப அந்த ஒண்ணையும் பிடிச்சிட்டுச் சொல்லுங்க மாமா, வர்றேன்" என்றாள். நல்ல மருமகளைத்தான் பிடித்திருக்கிறாய், உனக்கு அது தெரிகிறதோ இல்லையோ.

அந்த ஒரு எலி என்னைப் படுத்திய பாடு இருக்கிறதே! வயலில் கிட்டிப் பொறி வைத்து எலி பிடித்த கைதான் இது, வீட்டு எலியிடம் தோற்றது. தேங்காய் வைத்தேன், தொடவில்லை. கருவாடு வைத்தேன், முகர்ந்துவிட்டுப் போயிற்று. அது எந்த வழியில் வருகிறது என்று தெரியக் கோலமாவைக் கதவோரமெல்லாம் தூவி வைத்து, விடிந்ததும் குனிந்து தடத்தைப் பார்ப்பேன். தடம் சாமி மாடத்துக்குப் பின்னாலிருந்து வந்தது. மாதா சுரூபத்துக்குப் பின்னால் ஒரு விரிசல்! அந்த இடத்தைத் தவிர வீடு முழுக்கத் தேடியிருக்கிறேன். கூண்டை அங்கே வைத்து, உள்ளே வடை விஷயத்தில் உன் பங்காளியான எலிக்குப் பிடித்த மசால்வடையை வைத்தேன். காலையில் கூண்டு மூடியிருந்தது. உன் அம்மா கூண்டைப் பார்த்துவிட்டு, "அருளு மாதிரியே வடைக்கு ஏமாந்துருச்சு பாருங்க" என்று சொல்லிச் சிரித்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவள் அப்படிச் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். விரிசலை அடைத்தேன். அதற்குப் பிறகும் கோலமாவைத் தூவிக்கொண்டுதான் இருக்கிறேன். தினமும் காலையில் தூவியது தூவியபடியே கிடக்கிறது.

இன்னொரு சங்கதி. அந்தத் தூளி அறையில் பாப்பாவைப் படுக்க வைப்பதற்கு முன்னால் நான் படுத்துப் பார்க்கிறேன் என்றேன். உன் அம்மா விடவில்லை. அந்த அறைப் பக்கம் போகவே அவளுக்குப் பயம், வாசலில் நின்றுதான் பெருக்குவாள். ஆனால் போன வாரம் பாயை எடுத்துக்கொண்டு அவளே உள்ளே போனாள். தூளிக்கு நேர் கீழே, அன்றைக்குக் கிடந்த அதே இடத்தில் விரித்தாள். "எனக்கு மூச்சு முட்டுச்சுன்னா புள்ளைக்கும் முட்டும். எனக்கு ஒண்ணும் ஆகலன்னா வரட்டும்" என்று சொல்லிப் படுத்துவிட்டாள். நான் வாசல்படியில் உட்கார்ந்துகொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் குறட்டை விட ஆரம்பித்தாள். அந்தக் குறட்டையைப் பற்றி இத்தனை வருஷம் நான் சொன்ன புகாரையெல்லாம் இதோடு வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். இப்போது தினமும் மத்தியானம் அங்கேதான் தூங்குகிறாள்.

வரும் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நான் குத்தாலம் போகிறேன், ரோஸ்லினையும் பாப்பாவையும் கூட்டிவர. உன்னிடம் அனுமதி கேட்கவில்லை, தகவல் சொல்கிறேன். நீ செய்ய வேண்டியது ஒன்றுதான். முதலில் உன் அம்மாவுக்குப் போன் செய். மன்னிப்பு கிடைக்குமா என்று கேட்டு அவளை அழ வைக்காதே. சாப்பிட்டியாம்மா என்று எப்போதும்போலக் கேள், அவளுக்கு அது போதும். லீவு கிடைத்து நீ வரும்போது பெட்டியை வாசலிலேயே வைத்துவிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, என்னைப் போல முழங்காலைப் போட்டு வீட்டுக்குள் தவழ்ந்து வா. எதிரே உன் மகள் வருவாள். அவள் கையில் என்ன இருக்கிறது, வாயில் என்ன போடுகிறாள் என்று பார். நான் விட்டுப்போன ஓட்டை ஏதாவது உன் கண்ணில் பட்டால், சிமெண்டும் கம்பி நாரும் கொட்டகையில் இருக்கிறது.

உன் அப்பா